முழுசாகவா, பிரித்தா?

எங்கள் வீட்டு மோட்டார் சைக்கிளை முழுசாக விற்பதா, பிரித்துப் போட்டு விற்பதா என்ற வழக்கு ஒரு கோடை முழுக்க நடந்தது. நான் அப்போது ஐந்தாம் வகுப்பு முடித்துவிட்டு ஆறாவதற்குக் காத்திருந்தேன். போடியில் கோடை விடுமுறையில் ஒரு சிறுமிக்குச் செய்வதற்கு அதிகம் கிடையாது. மாங்காய் தின்னலாம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுக்கலாம், பெரியவர்கள் பேசுவதை ஒட்டுக் கேட்கலாம். அந்த வருடம் மூன்றாவது காரியத்தில் எனக்கு ஒரு குறையும் இருக்கவில்லை.

வண்டி அக்காவின் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு அப்பா வாங்கிக் கொடுத்தது. மாப்பிள்ளையை நான் மச்சான் என்று கூப்பிடுவேன். போடிமெட்டைத் தாண்டி கேரளப் பக்கத்தில் ஓர் ஏலத்தோட்டத்தில் அவர் சூப்பர்வைசர். ஆள் அதிகம் பேச மாட்டார். எப்போது வந்தாலும் முதலில் வண்டியைத் துடைப்பார், பிறகுதான் வீட்டுக்குள் வருவார். அக்காவைப் பின்னால் உட்கார வைத்து மலை வளைவுகளில் இறங்கி வரும்போது ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடிப்பாராம். எதிரே வண்டி வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. அக்கா இதைக் குறையாகத்தான் சொல்வாள். ஆனால் அடிக்கடி சொல்வாள்.

கல்யாணமாகி மூன்றாம் வருடம், கோயில் திருவிழாவுக்கென்று அக்கா தனியாக ஜீப்பில் இறங்கி வந்தாள். ஏதோ சண்டை. என்ன சண்டை என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் புருஷன்தான் வந்து கூட்டிப் போக வேண்டும், அவளாகத் திரும்பிப் போனால் மதிப்பில்லை என்பது எங்கள் பக்கத்து நியாயம். போனவள் தானாகத்தான் திரும்ப வேண்டும், இல்லையென்றால் தலையில் ஏறிக்கொள்வாள் என்பது மலையில் இருந்த அவருடைய அம்மாவின் நியாயம். இரண்டு நியாயத்துக்கும் நடுவில் இருந்த தூரம், காலையில் ஜீப் ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு முன் போய்விடக் கூடியது. அந்தத் தூரத்தை ஒரு வருடத்துக்கு மேல் ஒருவரும் கடக்கவில்லை.

கடைசியில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார்ந்து தீர்த்துவிட்டார்கள். சேர்த்து வைக்கக் கூடியவர்கள் பிரித்து வைத்தார்கள் என்று அம்மா அழுதாள். அக்காவிடம் கேட்டதற்குப் பெரியவர்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்று சொன்னாளாம். மச்சானும் அதையே சொன்னாராம். இப்படிப்பட்ட மரியாதையான பிள்ளைகள் இரண்டு பேரும் என்று பெரியவர்கள் ரொம்பவும் மெச்சிக்கொண்டார்கள்.

போட்ட சீரெல்லாம் ஒரு லோடு வண்டியில் வந்து இறங்கியது. கட்டில், பீரோ, அண்டா, குத்துவிளக்கு, பின்னால் கயிறு போட்டுக் கட்டிய மோட்டார் சைக்கிள். அம்மா பாத்திரங்களைப் புரட்டிப் புரட்டி நசுங்கியிருக்கிறதா என்று பார்த்தாள். அக்கா நேராக வண்டியிடம் போனாள். சக்கரத்துக் கம்பிகளுக்கு நடுவே மலைச் சேறு காய்ந்து கிடந்தது. அதைக் குச்சியால் குத்தி எடுத்துக்கொண்டே நின்றாள்.

வண்டியை வீட்டுக்குப் பக்கத்துச் சந்தில், தண்ணீர்க் குழாய்க்கு எதிரே நிறுத்தினார்கள். அதைச் சுற்றிக்கொண்டுதான் தண்ணீர் பிடிக்க வேண்டும். அம்மா ஒவ்வொரு குடத்துக்கும் ஒரு தடவை, இந்தச் சனியனை எப்போது தொலைக்கப் போகிறீர்கள் என்று கேட்பாள். அப்படித்தான் விற்பனைப் பேச்சு ஆரம்பித்தது.

தெருக்கோடியில் ஒர்க் ஷாப் வைத்திருந்த மெக்கானிக் வந்து பார்த்தார். குனிந்தார், உதைத்தார், காதை வைத்துக் கேட்டார். மலையில் ஓடிய வண்டி என்று உதட்டைப் பிதுக்கினார். ஏற்றத்தில் முதல் கியரிலேயே உறுமிப் போனது, இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்தது, போதாததற்குப் பச்சை ஏலக்காய் மூட்டை வேறு சுமந்தது, புகை தள்ளுகிறது, கீழே இருப்பவர்கள் முழுசாக வாங்க யோசிப்பார்கள் என்றார். ஆனால் சாமான்கள் நல்ல சாமான்கள். பிரித்தால் டேங்குக்கு ஒருவர் இருக்கிறார், சக்கரத்துக்குக் குரங்கணியில் ஆள் இருக்கிறது, முன் சக்கரத்து ஃபோர்க்கை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்வார்கள். எப்படியானாலும் வண்டியைச் சும்மா போட்டுவிடக் கூடாது, தினம் ஒரு தடவை ஸ்டார்ட் செய்யாவிட்டால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்பாவுக்குப் பிரிப்பது என்ற சொல்லே பிடித்துப் போனது. காரணம் அவர் தொழில். ஏலக்காய்க் கடையில் காயைத் தரம் பிரிப்பது அவர் வேலை. சல்லடையில் சலித்து, பெருங்காய் தனி, நடுக்காய் தனி, வெடித்தது தனி, வெளிறியது தனி என்று ஒதுக்குவார். மூட்டையாகக் கொட்டி விற்கிறவனை அவர் மனிதனாகவே மதிப்பதில்லை. அப்படி விற்றால் வாங்குகிறவன் இருப்பதிலேயே மட்டமான காயைப் பார்த்துத்தான் மொத்தத்துக்கும் விலை சொல்வான். பிரித்து வைத்தால் நல்ல காய்க்கு நல்ல விலை, நொள்ளைக்கும் ஒரு விலை. உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் இதுதான் சட்டம் என்பது அவர் முடிவு. வெங்காயத்துக்கும் இதைச் சொல்வார், தேங்காய்க்கும் சொல்வார், என் மார்க் அட்டையைப் பார்க்கும்போதும் சொல்வார். கணக்கில் மட்டம், தமிழில் பெருங்காய் என்பார். மோட்டார் சைக்கிள் மட்டும் எப்படித் தப்பும்?

முழுசாகத்தான் விற்க வேண்டும் என்றாள் அக்கா.

எல்லோரும் அவளை நிமிர்ந்து பார்த்தார்கள். வந்ததிலிருந்து எந்தக் காரியத்திலும் அவள் வாயைத் திறந்ததில்லை. கட்டிலை எங்கே போடுவது என்று கேட்டால்கூட எங்கேயாவது போடுங்கள் என்பாள். இப்போது காரணங்கள் அடுக்கினாள். பிரித்தால் நாலு சாமான் போகும், மீதி வீட்டில் கிடந்து துருப்பிடிக்கும். யார் யாரோ வாசலுக்கு வந்து பேரம் பேசுவார்கள். முழுசாக விற்றால் ஒரே ஆள், ஒரே நாள். எல்லாம் நியாயமான காரணங்கள். நான் உடனே அக்கா கட்சியில் சேர்ந்துவிட்டேன். எனக்கு இருந்த காரணம் வேறு. சாயங்காலம் அந்த வண்டியின் மேல் ஏறி உட்கார்ந்து, வாயால் சத்தம் கொடுத்துக்கொண்டு நான் மதுரை வரைக்கும் போய்வருவது வழக்கம்.

மெக்கானிக் சொன்ன வேலையை அக்காவே எடுத்துக்கொண்டாள். காலையில் குளித்ததும் ஈரத்துணியால் வண்டியைத் துடைப்பாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கிக்கரை உதைப்பாள். முதலில் நாலைந்து உதை வேண்டியிருந்தது. பிறகு ஒரே உதையில் கிளம்ப ஆரம்பித்தது. உறுமுகிற வண்டிக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நிற்பாள். பெட்ரோல் என்ன தண்ணியா என்று உள்ளேயிருந்து அப்பா சத்தம் போடுவார். விற்கிற சரக்கை நன்றாக வைத்துக்கொள்கிறாள், விவரமான பிள்ளை என்று அம்மா பரிந்து பேசுவாள்.

இதற்கிடையில் பெரிய சிக்கல் ஒன்று வெளியே வந்தது. வண்டி மச்சான் பேரில் இருந்தது. முழுசாக விற்றால் வாங்குகிறவர் பேருக்கு மாற்ற வேண்டும், அதற்கு மச்சான் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் மெக்கானிக். பிரித்துப் போட்டால் யார் கையெழுத்தும் வேண்டாம். டேங்குக்கும் சைலன்சருக்கும் யாரும் பேர் கேட்பதில்லை. அப்பாவுக்கு இது போதாதா? தீர்த்துவிட்டு வந்த வீட்டில் போய்க் கையெழுத்துப் பிச்சை கேட்பதா என்று குதித்தார். பிரித்துத்தான் விற்பது என்று அன்றைக்கே முடிவாகியிருக்கும்.

அக்கா அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நாம எதுக்குப் போயிக் கேக்கணும்? அவுக வரட்டும். இங்க வந்து போட்டுட்டுப் போகட்டும்."

அப்பா குதிப்பதை நிறுத்திவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு அவர் முகம் மெல்ல மலர்ந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வராமல் வீம்பு பிடித்தவன், தன் வாசலுக்கு வந்து நின்று, குனிந்து கையெழுத்துப் போடுவதை அவர் மனதுக்குள் பார்த்திருக்க வேண்டும். தன் மகளுக்கு இவ்வளவு ரோஷம் இருக்கிறது என்பதில் அவருக்கு மெத்தப் பெருமை. "ஆமா, வரட்டும். வந்துதான் ஆகணும்," என்றார். தரம் பிரிக்கும் சட்டத்தை அவர் விட்டுக்கொடுத்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

வாங்குவதற்கு ஆளும் கிடைத்தார். தேவாரம் என்கிற பக்கத்து ஊர்க்காரர் ஒருவர். மலையடிவாரத்தில் அவருக்குத் தோட்டம் இருந்தது. பொழுது சாயும் நேரத்தில் யானை இறங்கிவிட்டது என்று செய்தி வந்தால் வெரசாகப் போய்ச் சேர ஒரு வண்டி வேண்டும், புகை தள்ளினால் தள்ளிவிட்டுப் போகட்டும் என்றார். பேர் மாற்றிக் கொடுத்துவிட வேண்டும், அது ஒன்றுதான் அவர் கேட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னார். அக்கா அவருக்கு இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு டீ கொடுத்தாள். எங்கள் வீட்டில் ஏலக்காய் போட்ட டீ அவ்வளவு சுலபமாக யாருக்கும் கிடைத்துவிடாது. ஏலக்காய்க் கடையில் வேலை பார்க்கிறவர் வீட்டில் ஏலக்காய்க்குத்தான் கருமித்தனம் அதிகம்.

மச்சானை அதே ஞாயிற்றுக்கிழமை வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகச் சொல்லி, தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் டிரைவரிடம் சொல்லியனுப்பினார்கள். சாயங்காலம் திரும்பி வந்த டிரைவர், சரின்னு சொன்னாப்ல என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வாரம் அக்கா பம்பரமாகச் சுழன்றாள். திரைச்சீலைகளைத் துவைத்தாள். வாசல் படியைத் தேய்த்துக் கழுவினாள். டெய்லர் கடையில் மாதக்கணக்காகக் கிடந்த ரவிக்கையை வாங்கிவர என்னை அனுப்பினாள். வண்டியின் ஹாரன் சில நாளாகக் கம்மிப் போயிருந்தது. அதை மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சரிசெய்யச் சொன்னாள். விற்கப் போகிற வண்டிக்கு ஹாரன் எதற்கு என்று அவர் கேட்டதற்கு, செய்யுங்கண்ணே என்று மட்டும் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைக்கு நாட்டுக்கோழி சொல்லிவைக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டாள். வண்டி வாங்க வருகிறவருக்கு எதற்குக் கோழிக்குழம்பு என்று அம்மா கேட்டாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அம்மா ஒன்றும் கேட்காமல் கோழிக்குச் சொல்லிவைத்தாள்.

எங்கள் தாய்மாமனைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அம்மாவின் தம்பி. அவரைப் போல நல்ல மனிதரைப் பார்க்க முடியாது. யாருக்கும் ஒரு கஷ்டமும் வந்துவிடக் கூடாது என்று ஊரில் உள்ள கஷ்டத்தையெல்லாம் இழுத்துப் போட்டுக்கொள்வார். அன்றைக்கு மண்டபத்தில் அப்பாவும் மச்சானின் சித்தப்பாவும் சட்டையைப் பிடிக்கப் போனபோது நடுவில் புகுந்து விலக்கி, இரண்டு பக்கத்து அடியையும் வாங்கியவர் அவர்தான். மச்சான் வீட்டு வாசலுக்கே வரப்போகிறார் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா ஏதாவது சொல்லுவார், அவர் ஏதாவது சொல்லுவார், தெரு கூடிவிடும், நடுவில் அக்கா நிற்க வேண்டும். ஆறின புண்ணை எதற்குக் கீற வேண்டும்? யாரிடமும் சொல்லாமல் வெள்ளிக்கிழமை காலையில் தோட்ட ஜீப்பில் ஏறிவிட்டார். பேர் மாற்றுகிற தாள்களை மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிப் பையில் வைத்திருந்தார். ஜீப்பில் உட்கார இடமில்லாமல் பின்னால் தொங்கிக்கொண்டே மலையேறினாராம்.

சாயங்காலம் அவர் சந்துக்குள் வரும்போது நான் வண்டியில் உட்கார்ந்து மதுரைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேர்த்து வழிந்தாலும் முகம் முழுக்கச் சிரிப்பு. சோலி முடிஞ்சுது பாப்பா, ஞாயித்துக்கெழம யாரும் வர வேண்டாம், கையெழுத்து வாங்கிட்டேன் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அக்கா கட்சி ஜெயித்துவிட்டது, அப்பாவும் மச்சானும் சண்டை போடவும் வழியில்லை. குதித்து இறங்கி உள்ளே ஓடினேன். அக்கா புது ரவிக்கைக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். "அக்கா, மச்சான் வர வேண்டியதே இல்லையாம். மாமாவே போயி வாங்கிட்டு வந்துட்டாரு," என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அந்த நல்ல செய்தியை முதலில் சொன்னது நான்தான்.

அவள் ஊசியைத் துணியில் குத்தி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். மாமா நடந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். மச்சான் தோட்டத்து ரோட்டிலேயே நின்றிருந்தார். நீங்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று மாமா சொன்னார். அவர் தாளை வாங்கி, ஜீப்பின் முன்பக்கத்தில் வைத்து, காட்டிய இடத்திலெல்லாம் போட்டுக் கொடுத்துவிட்டார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. அப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், இருந்தாலும் மாமா காட்டிய தாளைத் தூக்கிப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார்.

அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"அவுக ஏதாச்சும் கேட்டாகளா மாமா?"

மாமா யோசித்தார். அவருக்குப் பொய் சொல்ல வராது. "வண்டி இன்னும் ஓடுதான்னு கேட்டான். ஓடுதுன்னேன். சரின்னுட்டான்."

அக்கா தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அம்மாவும் பின்னாலேயே போனாள். மாமாவுக்குக் காபி கொடுக்கக்கூட ஆளில்லை. அவரும் அப்பாவும் நானும் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். விளக்கு வைக்கிற நேரத்தில் அக்கா வெளியே வந்து, பிரித்தே விற்றுவிடுங்கள் அப்பா என்றாள்.

கையெழுத்து வந்துவிட்டதே என்றார் மாமா. வாங்க ஆள் வருகிறதே என்றார் அப்பா. பரவாயில்லை, பிரித்துவிடுங்கள் என்று மறுபடியும் சொன்னாள். காரணம் எதுவும் அடுக்கவில்லை. அப்பா ஓரளவுக்குத்தான் மறுத்தார். ஜெயித்த கட்சியே வந்து சரணடையும்போது எவ்வளவு நேரம்தான் வேண்டாம் என்று சொல்ல முடியும்?

ஞாயிற்றுக்கிழமை தேவாரத்துக்காரர் வந்தபோது மெக்கானிக் வண்டியைப் பாதி கழற்றியிருந்தார். வந்தவர் திகைத்துப் போனார். நல்லா ஓடுற வண்டியை இப்படிப் பண்ணிட்டீங்களே என்று வாய்விட்டு வருத்தப்பட்டார். வந்ததற்கு ஹெட்லைட்டையும் ஹாரனையும் மட்டும் வாங்கிக்கொண்டார். காவல் பரணில் பேட்டரியோடு மாட்டிவைத்தால் யானையை விரட்ட ஆகும் என்றார். சொல்லிவைத்த கோழியை என்ன செய்வது என்று தெரியாமல் அம்மா குழம்பு வைத்தாள். அவரும் மெக்கானிக்கும் மாமாவும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அக்காதான் பரிமாறினாள்.

பிறகு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். டேங்க் போனது, சக்கரங்கள் குரங்கணிக்குப் போயின, எஞ்சினை இரண்டு பேர் கம்பில் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள். அப்பா கழற்றிப் போட்ட நட்டுகளையும் போல்ட்டுகளையும் முறத்தில் கொட்டி, சந்தில் சப்பணமிட்டு உட்கார்ந்து, பெரியது தனி, நடுத்தரம் தனி, துருப்பிடித்தது தனி என்று பிரித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடையிலேயே அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. அக்கா அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்தாள். கை அது பாட்டுக்கு வேலை செய்தது. தப்பே விடவில்லை.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. நான் அவளுக்காக அப்பாவிடம் வாதாடியிருக்கிறேன், வெயிலில் டெய்லர் கடைக்கு ஓடியிருக்கிறேன். என் மதுரைப் பயணமும் போயிற்று. சாயங்காலம், குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தவளிடம் போய்ச் சண்டைக்கு நின்றேன்.

"கையெழுத்துத்தான் வந்துருச்சேக்கா, அப்புறம் ஏன் பிரிக்கச் சொன்ன?"

"கையெழுத்து வந்துருச்சுல்ல, அதான்," என்றாள்.

இது என்ன பதில்? நான் கேட்ட கேள்வியையே எடுத்து எனக்குத் திருப்பிக் கொடுக்கிறாள். பெரியவர்களுக்குப் பேச அலுப்பாக இருந்தால் இப்படித்தான் சின்னப் பிள்ளைகளை ஏமாற்றுவார்கள் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது. நேராக அப்பாவிடம் போய்ப் புகார் சொன்னேன். அவர் முறத்திலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுவிட்டு, உங்க அக்காவுக்கு இப்பத்தான் கணக்குப் புரிஞ்சிருக்கு, அவளை விடு என்றார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நானும் விட்டுவிட்டேன்.